போலோ பந்தயமும் பழவேற்காட்டுக் கட்டமும்

குதிரைமேல் ஏறிப் பந்தடிக்கும் போலோ ஆட்டத்தை ஆடுகிறவர்கள் உலகத்தில் வெகு சிலர். பார்க்கிறவர்கள் அவர்களைவிடச் சற்று அதிகம். ஆனால் அதைப் பார்க்கப் போகும்போது என்ன உடுத்துவது என்று கவலைப்படுகிறவர்கள்தான் எல்லாரிலும் அதிகம் என்று நமக்குத் தோன்றுகிறது. இங்கிலீஷ், அமெரிக்கப் பத்திரிகைகளில் இதற்கென்றே பக்கம் பக்கமாகப் படங்கள் போடுகிறார்கள்.

கவலையில் நியாயம் இல்லாமல் இல்லை. போலோ மைதானம் 300 கெஜ நீளம். அகலமும் 160 கெஜத்துக்குக் குறையாது. அதன் ஓரத்தில் வெட்ட வெளியில், வெயிலில், புழுதியில் இரண்டு மணி நேரம் இருக்க வேண்டும். இடைவேளையில் பார்வையாளர்களே மைதானத்தில் இறங்கி, குதிரைக் குளம்புகள் பெயர்த்த புல்கரணைகளைக் காலால் மிதித்து அழுத்துவது ஒரு சம்பிரதாயம். குதிகால் உயர்ந்த செருப்போடு இறங்கிய சீமாட்டி அங்கேயே நட்ட கம்பமாக நின்றுவிட நேரிடும்! ஆகையால் உடை அழகாகவும் இருக்க வேண்டும், காற்றோட்டமாகவும் இருக்க வேண்டும். இவ்வளவையும் விவரித்துவிட்டு அப்பத்திரிகைகள் சொல்லும் யோசனைகளில் ஒன்று நம்மைத் தூக்கிவாரிப் போட்டது. கனவான்களுக்குக் கட்டம் போட்ட ‘மெட்ராஸ்’ துணியில் தைத்த சட்டையோ கோட்டோ உத்தமமாம்.

இது எந்த மெட்ராஸ்? சாக்ஷாத் நம்முடைய மெட்ராஸ்தான். 1996-ல் ஊரின் பெயரைச் சென்னை என்று மாற்றினோம். துணி மட்டும் பழைய பெயரையே வைத்துக் கொண்டிருக்கிறது. அந்தத் துணிக்கு அதற்கும் முந்திய பெயர் ஒன்று உண்டு. அந்தப் பெயருக்குரிய ஊர் திருவள்ளூர் ஜில்லாவில் இருக்கிறது. ஒரு சனிக்கிழமை காலையில் அதைத் தேடிக்கொண்டு புறப்பட்டோம்.

சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டிக்குப் போகும் லோக்கல் வண்டியில் அந்த நேரத்தில் நிற்க இடம் கிடைத்தாலே பாக்கியம். கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர், மீஞ்சூர் என்று ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் ஜனங்கள் ஏறினார்கள். பாதிப் பேர் சிப்காட் தொழிற்பேட்டைக்குப் போகும் இளைஞர்கள். தமிழோடு ஹிந்தியும் ஒரியாவும் காதில் விழுந்தன. அவர்களில் அநேகர் அணிந்திருந்தது என்ன என்று நினைக்கிறீர்கள்? மார்பில் கம்பெனி முத்திரை பொறித்த, கழுத்துப்பட்டி வைத்த பனியன். ஜவுளிக்கடை பாஷையில் அதற்குப் பெயர் ‘போலோ’ சட்டை! 1859-ல் அஸ்ஸாமிலுள்ள சில்சாரில், மணிப்பூர்க்காரர்களிடம் இந்த ஆட்டத்தைக் கற்றுக்கொண்டு வெள்ளைக்காரர்கள் முதல் கிளப்பை ஆரம்பித்தார்கள். 1926-ல் லாகோஸ்த் என்ற பிரெஞ்சுக்காரர் டென்னிஸ் ஆடுவதற்காக ஒரு கைகுட்டைப் பனியனைப் போட்டுக் கொண்டார். எப்படியோ இரண்டும் கலந்து, டென்னிஸ் சட்டைக்குப் போலோ பெயர் ஒட்டிக்கொண்டது. இன்று அது திருப்பூரில் மூட்டை மூட்டையாகத் தைக்கப்பட்டு, இரும்பு உருக்கும் ஆலையில் இரவு முறை பார்ப்பவனுடைய முதுகில் வந்து உட்கார்ந்திருக்கிறது. துணிகளுக்கும் பூர்வ ஜன்மம், மறு ஜன்மம் எல்லாம் உண்டு போலும்.

கும்மிடிப்பூண்டிக் கடைத்தெருவில் ஒரு ஜவுளிக்கடைக்குள் நுழைந்து, “கட்டம் போட்ட கைத்தறிப் பருத்தித் துணி, கலப்பில்லாததாய் இருக்கிறதா?” என்று கேட்டோம். கடைக்காரர் நம்மை மேலும் கீழும் பார்த்தார்.

“லுங்கிதானே ஸார்? நேராகக் கேட்டால் என்ன!” என்றார்.

குடியாத்தத்துச் சரக்கும், நமது ஜில்லாவின் மேற்கு மூலையிலுள்ள பொதட்டூர்பேட்டைச் சரக்கும் பிரித்துப் போட்டார். பெரும்பாலும் விசைத்தறி. பொதட்டூர்பேட்டையிலும் அம்மையார்குப்பத்திலும் தறிச் சத்தம் இன்னும் ஓயவில்லை. கையால் இழுத்த தறியின் இடத்தில் மின்சாரத் தறி நிற்கிறது, அவ்வளவுதான். நீலமும் சிவப்புமாய்க் கட்டமிட்ட ஒரு லுங்கியை எடுத்துக் கொண்டோம். எதிர்ச் சாரியில், இரவு முறை முடிந்து வந்த தொழிலாளிகள் அதே மாதிரி லுங்கியைக் கட்டிக்கொண்டு திண்ணையில் டீ குடித்துக் கொண்டிருந்தார்கள்.

பிறகு பொன்னேரிக்குத் திரும்பி, அங்கிருந்து பஸ்ஸில் பழவேற்காட்டுக்குப் போனோம். இருபது கிலோமீட்டருக்குள்தான் தூரம். வயல் முடிந்து உப்பங்காற்று வீசத் தொடங்கும்போது ஊர் வந்துவிட்டதென்று தெரிந்து கொள்ளலாம். ஏரி கடலைப் போல் விரிந்து கிடக்கிறது. இந்தியாவின் உவர் நீர் ஏரிகளில் சிலிகாவுக்கு அடுத்தபடியாகப் பெரியது இதுவே. அதன் பெரும்பகுதி ஆந்திர தேசத்துக்குள் இருக்கிறது. படகுகளும் வலைகளும் மீன் கூடைகளுமே இன்றைய பழவேற்காடு. இங்கேதான் ஒருகாலத்தில் உலகத்தை உடுத்திய துணி கப்பலேறியது என்று யாராவது சொன்னால், புதிதாக வந்தவர் நம்பமாட்டார்.

டச்சுக்காரர்கள் 1613-ல் இங்கே கெல்ட்ரியா என்ற கோட்டையைக் கட்டினார்கள். 1690 வரையில் சோழமண்டலக் கரையில் அவர்களுக்கு இதுவே தலைமைப் பட்டணம். மலுக்கா தீவுகளில் கிராம்பும் ஜாதிக்காயும் விளைவித்தவர்கள் வெள்ளியைவிட நம் நெசவாளர்களின் துணியையே விரும்பிக் கேட்டார்கள். ஆகவே இங்கே துணி வாங்கி, அங்கே அதைக் கொடுத்து வாசனைச் சரக்கு வாங்கி, ஐரோப்பாவில் விற்றுக் கோடி குவித்தார்கள். துணி மட்டுமா? பஞ்ச காலங்களில் நம் ஜனங்களையே ஆயிரக்கணக்கில் அடிமைகளாக வாங்கி, இதே துறையிலிருந்து பத்தாவியாவுக்கு ஏற்றி அனுப்பினார்கள். கோட்டை இப்போது முட்புதர் மண்டிய மேடு. டச்சுக் கல்லறைத் தோட்டம் மட்டும் தொல்பொருள் இலாகாவின் பாதுகாப்பில் நன்றாக இருக்கிறது. வாசலில் இரண்டு எலும்புக்கூட்டுச் சிலைகள் காவல் நிற்கின்றன. உள்ளே கவிகையும் எழுத்தும் செதுக்கிய கற்களின் கீழ் வர்த்தகர்கள் துயில்கிறார்கள். நெய்தவர்களுக்குக் கல்லும் இல்லை, எழுத்தும் இல்லை.

ஆனால் அவர்கள் நெய்த துணி ஊரின் பெயரைத் தூக்கிக்கொண்டு போன தூரத்தைக் கேளுங்கள். வெள்ளைக்காரன் வாயில் பழவேற்காடு ‘புலிகாட்’ ஆயிற்று. கட்டம் போட்ட வர்ணக் கைக்குட்டைக்கே இங்கிலீஷில் ‘புலிகாட்’ என்று பெயர் வந்தது. மலேயாவில் ஆண்கள் வீட்டிலும் பள்ளிவாசலிலும் கட்டும் கட்டச் சாரத்துக்கு இன்றைக்கும் ‘காயின் பெலிக்காட்’ என்றே பெயர். மேற்கு ஆப்பிரிக்காவில் நைஜர் நதி முகத்துவாரத்தில் வாழும் களபாரி ஜனங்கள் சென்னைக் கட்டத்துணியை ‘இஞ்சிரி’ என்று போற்றி, அதன் இழைகளில் சிலவற்றை நுட்பமாக அறுத்தெடுத்துப் புதுக் கோலம் உண்டாக்குகிறார்கள். பிறப்பிலும் இறப்பிலும் அவர்களுக்கு அது வேண்டும். அதே கரையில் ஐரோப்பிய வியாபாரிகள் இந்தியத் துணியைக் கொடுத்து மனிதர்களை விலைக்கு வாங்கியதும் உண்மை. அப்படி அட்லாண்டிக் கடலைத் தாண்டியவர்களின் பெண்மக்கள் மார்த்தினீக்கிலும் செயிண்ட் லூசியாவிலும் ‘மெட்ராஸ்’ துணியையே தலைப்பாகையாகக் கட்டினார்கள். இன்று அங்கே அதுவே விழாக்கால உடை. 1786-ல் நியூ ஆர்லியன்ஸில் இருந்த கவர்னர், கறுப்பினப் பெண்கள் சிகையலங்காரம் காட்டாமல் துணியால் தலையை மூட வேண்டும் என்று உத்தரவு போட்டார். அவர்களோ மிகப் பிரகாசமான கட்டத்துணியைத் தேடி எடுத்து, முன்னிலும் அழகாகக் கட்டிக்கொண்டார்கள். சபாஷ் என்று சொல்லத் தோன்றுகிறதல்லவா?

ஸ்காத்லாந்துப் பட்டாளங்களின் கட்ட உடையைப் பார்த்துத்தான் நம் நெசவாளர்கள் கட்டம் போடக் கற்றார்கள் என்று சிலர் எழுதுவதுண்டு. ஹைலாந்துப் பட்டாளம் சென்னையில் வந்திறங்கியது 1780-ஐ ஒட்டி. பழவேற்காட்டுத் துணியோ அதற்கு நூறு ஆண்டுக்கு முன்பே கீழ்த்திசைத் தீவுகளில் விலையாகிக் கொண்டிருந்தது. தவிர, பாவில் நிறம் மாற்றி ஊடையிலும் நிறம் மாற்றினால் கட்டம் தானே விழுந்துவிடும். அவுரி நீலத்தையும் சாயவேர்ச் சிவப்பையும் கண்டவனுக்கு இதை ஒரு கர்னல் வந்தா சொல்லித்தர வேண்டும்?

அமெரிக்கர்கள் இதற்குப் பைத்தியமான கதை வேடிக்கையானது. சென்னைக் கோட்டையில் கவர்னராயிருந்த எலிஹு யேல் 1718-ல் ஒன்பது பொதிச் சரக்கும் நானூற்றுச் சொச்சம் புத்தகங்களும் ஒரு கலாசாலைக்கு அனுப்பினார். சரக்கை விற்று 562 பவுன் கிடைத்தது. கலாசாலைக்கு அவர் பெயரையே வைத்துவிட்டார்கள். பிற்காலத்தில் அந்த யேல் சர்வகலாசாலை மாணவர்களே மெட்ராஸ் கோட்டைப் போட்டுக்கொண்டு உலாவினார்கள். இடையில் 1958-ல் நடந்ததைக் கண்ணனூர்க்காரரான கேப்டன் கிருஷ்ணன் நாயர் பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார். அவர் கெஜம் ஒரு டாலருக்கு விற்ற துணியை, குளிர்ந்த நீரில் தனியாக அலச வேண்டும் என்று எச்சரித்தே கொடுத்தாராம். வாங்கிய அமெரிக்க வியாபாரி அந்த எச்சரிக்கையை மேலே சொல்லவில்லை. புரூக்ஸ் பிரதர்ஸ் என்ற பெரிய கடை அதில் கோட்டும் சட்டையும் தைத்து விற்றது. முதல் சலவையிலேயே சாயம் ஓடியது, வழக்குக்கு வந்துவிட்டது. கடைசியில் ஒரு விளம்பரக்காரர், ‘சாயம் போகும் என்பதற்கு உத்தரவாதம்’ என்று போடச் சொன்னார். குறை குணமாயிற்று, சாயம் ஓட ஓடப் புது நிறம் காட்டும் அபூர்வ வஸ்திரம் என்று ஜனங்கள் வந்து மொய்த்தார்கள். நம் ஊரில் ஒரு ஜவுளிக்கடைக்காரர் இப்படிச் சொல்லித் தப்பிக்க முடியுமா என்பது சந்தேகம்.

ஆக, கடல் கடந்து கோட்டாகத் தைக்கப்பட்டால் சீமான் வீட்டுப் புல்வெளியில் ராஜ உபசாரம். இங்கேயே லுங்கியாக இருந்தால் திண்ணையோடு சரி. நூல் அதுவே, கட்டம் அதுவே. 1931-ல் காந்திஜி தம் அரையாடையோடு பக்கிங்ஹாம் அரண்மனைக்குள் போய் வந்தார். சுதந்திரம் கிடைத்து அறுபத்தேழு ஆண்டு கழித்து, 2014-ல், சேப்பாக்கத்தில் ஒரு கிளப்பில், வேட்டி கட்டி வந்த ஹைகோர்ட் நீதிபதியை உள்ளே விட மறுத்தார்கள்! அதே ஆண்டில் சட்டசபை, வேட்டிக்குத் தடை கூடாதென்று சட்டம் செய்தது. லுங்கிக்கும் அந்தச் சட்டம் கதவைத் திறக்குமா என்பதை வக்கீல்களுக்கு விட்டுவிடுவோம்.

பழவேற்காட்டில் தறி ஓசை கேட்குமா என்று காது கொடுத்துப் பார்த்தோம், கேட்கவில்லை. ஆனால் இவ்வூர் முஸ்லிம் பெண்மணிகள் பனையோலையைச் சாயம் தோய்த்து, பாவும் ஊடையுமாகக் குறுக்கும் நெடுக்கும் பின்னிப் பெட்டிகள் செய்கிறார்கள். கட்டம் அப்படியே இருக்கிறது. நூலுக்குப் பதில் ஓலை.

இனி, கல்கத்தாவிலோ ஜெய்ப்பூரிலோ போலோ பார்க்கப் போகும் நேயர்களுக்கு நாம் சொல்லக்கூடியது இதுதான். ஆண்கள் கைத்தறிக் கட்டச் சட்டையும் வேட்டியும் அணியலாம். புல்கரணையை மிதிக்க இறங்கும்போது மடித்துக் கட்டிக்கொள்ள வேட்டியைப் போல் சௌகரியம் கால்சராய்க்கு ஏது? ஸ்திரீகளுக்குக் காரைக்குடிக் கண்டாங்கிப் பருத்திப் புடவை பொருந்தும். கட்டமும் உண்டு, புழுதி பட்டாலும் தெரியாது. செருப்பு தட்டையாக இருக்கட்டும். எல்லைக் கோட்டருகே திடீரென்று குடையை விரிக்க வேண்டாம், குதிரை மிரளும். சாமான்களுக்கு ஒரு பழவேற்காட்டு ஓலைப்பெட்டி போதும்.

கும்மிடிப்பூண்டியில் வாங்கிய லுங்கியை நம் வீட்டில் சட்டையாகத் தைக்கக் கொடுத்திருக்கிறது. அதற்கு முன் ஒரு பிடி கல்லுப்புப் போட்ட பச்சைத் தண்ணீரில் ஓர் இரவு ஊற வைத்து, நிழலில் உலர்த்தினோம். முதல் இரண்டு மூன்று சலவைக்கு வெள்ளை வேட்டிகளோடு அதைச் சேர்க்கலாகாது.