மழை பார்த்துப் பணம் கட்டியவர்கள்

சித்திரை பிறந்தால் ஊட்டிக்கு ஒரு வாசம் வரும், ஞாபகமிருக்கிறதா? தைலமரக் காற்றோடு நனைந்த புல்லும் குதிரைச் சாணமும் கலந்த வாசம். பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போதே மூக்கில் ஏறும். ரேஸ் சீசன் தொடங்கிவிட்டது என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. அவித்த கடலைப் பொட்டலத்தோடு வேலியோரம் நாம் நிற்போம். ஸ்டேஷனில் மலை ரயில் கூவும்.

மாமா முதலில் குதிரையைப் பார்க்க மாட்டார். தொட்டபெட்டா பக்கம் வானத்தைத்தான் பார்ப்பார். "மத்தியானம் ஊத்தும்டா" என்பார். மே மாத மழை பெரும்பாலும் அவர் பேச்சைக் கேட்கும்.

ரேஸ் நாள் காலையில் கம்பியைத் தரையில் நிறுத்தி, அதன் தலையில் எடையை விழவிட்டு, கம்பி எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று அளப்பார்கள். அதுதான் பெனட்ரோமீட்டர் கணக்கு. "கம்பி ஆழமாப் போச்சுன்னா வேகக் குதிரையை விட்டுடு, தம் உள்ளதைப் பிடி" என்பார் மாமா. இளகின தரையில் ஒவ்வொரு குளம்பும் புதைந்து எழ வேண்டும், முதுகில் இருக்கும் எடை இன்னும் அழுத்தும். 7,000 அடிக்கு மேலே மூச்சு வேறு வாங்கும். முன்னால் ஓடும் குதிரைக்குத் தொல்லையில்லை. பின்னால் வருவதன் முகத்தில் சேறு அப்பும். சில குதிரைகள் அதற்கே முரண்டு பிடித்துப் பின்தங்கிவிடும்.

அப்புறம் டிரா. எந்த கேட்டில் நிற்பது என்பது குலுக்கலில் விழுவது. உள்வேலியை ஒட்டிய ஒன்றாம் நம்பர் கிடைத்தால் வளைவில் தூரம் மிச்சம். வெளிப்பக்கம் நிற்பது சுற்றிக்கொண்டு ஓட வேண்டும். குட்டி ஓட்டத்தில் வளைவு சீக்கிரம் வந்துவிட்டால் கதை அங்கேயே முடிந்தது. 1,600 மீட்டர் என்றால் ஜாக்கி சரிசெய்துகொள்ள இடமுண்டு. இதிலும் மழை புகுந்துவிடும். எல்லாக் குதிரையும் வேலியோரமே ஓடுவதால் நாலாவது ரேஸுக்குள் அந்த ஓரம் உழுத வயலாகிவிடும். காலையில் எல்லோரும் தேடிய ஒன்றாம் நம்பரைச் சாயங்காலம் யாரும் சீந்த மாட்டார்கள். ஒன்றுக்கு எட்டு என்று நின்ற வெளி கேட் குதிரை, தூறல் விழுந்ததும் ஒன்றுக்கு நாலு ஆகிவிடும். பந்தயப் பணம் வாங்கும் புக்கி விலையை மாற்றுவதற்குள் ஓடிப் போய்க் கட்ட வேண்டும். மாமா ஓடுகிறார், குடையை என் கையில் திணித்துவிட்டு.

தமிழ்நாட்டில் ரேஸை ஒழிக்க 1974-இல் சட்டம் வந்தது. வழக்கு நடந்து, குதிரைப் பந்தயம் திறமை சார்ந்தது என்று 1996-இல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. மாமா அந்தத் தீர்ப்பு வந்த பேப்பரை அத்தை முன்னால் விரித்தார். "அப்போ உங்க திறமையில கால் கிலோ துவரம்பருப்பு வாங்கிட்டு வாங்க" என்றாள் அத்தை.

2024 ஜூனில், குத்தகைப் பாக்கி காரணமாக அரசு ஊட்டி ரேஸ் மைதானத்து நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டது. 1886-இல் தொடங்கிய ஓட்டம் அங்கே நின்றது. மே மழை மட்டும் பழையபடி வருகிறது. கடைக்காரர்கள் தார்ப்பாயை இழுத்துக் கட்டுகிறார்கள்.

ரேஸ் எத்தனையோ வீட்டு அடுப்பை அணைத்தது. எங்கள் வீட்டு அடுப்பும் அதில் உண்டு. அதற்காக நான் அழப்போவதில்லை. ஆனால் அந்த மண்ணின் ஈரத்தை இவ்வளவு நுணுக்கமாகப் படித்த மனிதர்கள் சொன்னதை யாரும் எழுதி வைக்கவில்லை. உங்கள் வீட்டிலும் அப்படியொரு மாமா இருந்தால், இப்போதே பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொள்ளுங்கள். பணம் மட்டும் கட்டாதீர்கள்.