ஜப்பானியப் பள்ளியில் நம் பகலுணவு

சபர் புறப்படுபவரிடம் நம் வீட்டுப் பெண்கள் முதலில் கேட்பது சம்பளத்தைப் பற்றி அன்று, "அங்கே சோற்றுக்கு என்ன வழி?" என்பதையே கேட்பர். பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் கொழும்புக்கும் சென்றவர்களுக்கு அக்கேள்வி பெரிதாக இருந்ததில்லை. அவர்களுக்கு முன்பே நம்மவர் உணவுக்கடைகள் அங்கே போய்ச் சேர்ந்திருந்தன. வளைகுடா நாடுகளிலோ, உண்பது ஹலால்தானா என்று கேட்க வேண்டிய தேவையே அரிது. ஆங்கிலம் கற்பிக்கும் துணையாசிரியராக ஜப்பானுக்குப் புறப்பட்ட போதுதான் அக்கேள்வியின் முழு எடையும் நமக்கு விளங்கிற்று.

கோபே நகரிலிருந்து இரயிலில் ஒரு மணி நேரத் தொலைவில் உள்ள சிற்றூர் ஒன்றின் தொடக்கப்பள்ளியில் 2014 முதல் 2017 வரை பணியாற்றினோம். ஐந்தாம், ஆறாம் வகுப்புகளில் அயல்மொழிப் பயிற்சி 2011இல் கட்டாயமாக்கப்பட்டதால் நம் போன்றோருக்கு அங்கே வேலை இருந்தது. கற்பித்தலைப் பற்றி இங்கே விரித்துரைக்கப் போவதில்லை. நம்மை வியக்க வைத்ததும் சோதித்ததும் பகல் பன்னிரண்டரை மணிக்குத் தொடங்கும் முக்கால் மணி நேரம்தான்.

மணி அடித்ததும் முறைக்காரப் பிள்ளைகள் வெண்மேலாடையும் தொப்பியும் முகக்கவசமும் அணிந்துகொள்வர். சமையற்கூடத்துக்குச் சென்று, சோற்றுப் பெட்டியையும் குழம்புச் சட்டியையும் இருவர் இருவராகத் தூக்கி வருவர். தாமே அகப்பையால் அளந்து பரிமாறுவர். ஆசிரியருக்கெனத் தனி உணவு இல்லை. தனி அறையும் இல்லை. வகுப்பறையிலேயே மேசைகளை ஒன்றுசேர்த்து அனைவரும் அமர்வர். "இதாதாகிமாசு" என்று ஒருமித்துச் சொன்ன பிறகே கை தட்டுக்குப் போகும். பணிவோடு பெற்றுக்கொள்கிறேன் என்பது அதன் பொருள். பிள்ளைகள் உண்ணுமுன் தலைமையாசிரியர் அதே உணவை உண்டு பார்ப்பது விதி. கெட்டுப்போயிருந்தால் அவருக்கே முதலில் தெரியட்டும் என்பது கருத்து. பொறுப்பு என்பதற்கு இதைவிட நேரான விளக்கத்தை நாம் எங்கும் கண்டதில்லை.

இதனைக் கியூஷோக்கு என்பர். 1889ஆம் ஆண்டு யமகதா மாநிலத்துச் சுருவோக்கா நகரில், பௌத்தக் கோவிலொன்றில் நடந்த பள்ளி, ஏழைப் பிள்ளைகளுக்குச் சோற்றுருண்டையும் மீனும் ஊறுகாயும் கொடுத்ததே இதன் தொடக்கம் என்பர். போருக்குப் பின், பஞ்ச காலத்தில், 1946இல் வெளிநாட்டு நிவாரணப் பொருள்களைக் கொண்டு மீண்டும் தொடங்கினர். 1954இல் தனிச் சட்டமே இயற்றினர். தமிழகத்தில் காமராசர் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கியதும் அதற்கு ஈராண்டுகள் கழித்துத்தான். இரண்டும் பசியில் பிறந்தவை. ஆனால் பசி தீர்ந்த பின்னும் அவர்கள் அதனை விடவில்லை, பாடமாக மாற்றிக்கொண்டனர். 2005இல் உணவுக் கல்விக்கென்றே ஒரு சட்டம் வந்தது. மாதத் தொடக்கத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் உணவுப் பட்டியல் ஒன்று செல்லும். உடலை வளர்ப்பவை சிவப்பு, வலிமை தருபவை மஞ்சள், உடலைச் சீராக்குபவை பச்சை எனப் பொருள்கள் மூன்று நிறத்தில் பிரிக்கப்பட்டிருக்கும். ஏழு வயதுப் பிள்ளை முள்ளங்கியைக் கையில் எடுத்து "இது பச்சை" என்று நமக்கே பாடம் நடத்தும்.

அங்கேதான் நம் இடர்ப்பாடும் தொடங்கிற்று. எல்லாரும் ஒன்றையே உண்பது என்பதே அப்பாடத்தின் உயிர். திருமண வீட்டில் சஹனைச் சுற்றி அமர்ந்து ஒரே தாலத்தில் கையிட்டு உண்டு வளர்ந்தவர்கள் நாம். கூடி உண்பதன் அருமையை எவரும் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் அந்தச் சட்டியில் ஒரு நாள் பன்றியிறைச்சி. மறுநாள் மீன்தான், ஆயினும் அதில் மிரின் என்னும் இனிப்பு மது கலந்திருக்கும். காய்கறிச் சூப்பென்றால் அதன் சாறு எதிலிருந்து வந்ததோ! ஜப்பானியர் பெரிதும் விரும்பும் கறிக்குழம்பு, பெயரளவில் நம் ஊர்ச் சொல்லைத் தாங்கியிருப்பினும், கட்டியாக விற்கப்படும் அதன் மசாலாவில் பெரும்பாலும் விலங்குக் கொழுப்பு சேர்ந்திருக்கும். ஆகவே முதல் வாரத்திலேயே நாம் வீட்டிலிருந்து சோற்றுப் பெட்டி எடுத்துச் செல்லலானோம்.

அதனை எவரும் தடுக்கவில்லை. பள்ளியின் உணவூட்ட ஆசிரியை பட்டியலின் முழு விவரத்தையும் நமக்குக் கொடுத்துதவினார். ஒவ்வாமை உள்ள பிள்ளைகளுக்காக அத்தகைய விவரம் முன்பே ஆயத்தமாக இருந்தது. 2012 டிசம்பரில், டோக்கியோவை அடுத்த சோஃபு நகரில், பால் ஒவ்வாமை கொண்ட ஐந்தாம் வகுப்புச் சிறுமி, பள்ளியில் இரண்டாம் முறை வாங்கி உண்ட உணவில் பாலாடைக்கட்டி இருந்ததால் உயிரிழந்தாள். அதன் பிறகு நாடெங்கும் பள்ளிகள் இவ்வகையில் மிகுந்த எச்சரிக்கை கொண்டன. ஒரு குழந்தையின் துயர முடிவால் வந்த கவனம், அயலாரான நமக்கும் ஹலாலைத் தேர்ந்துகொள்ள உதவிற்று. அப்பட்டியலைக் கையில் வாங்கும்போதெல்லாம் மனம் சற்றே கனக்கும்.

மூன்றாம் வகுப்பில் வங்கதேசத்துச் சிறுவன் ஒருவன் இருந்தான். பள்ளியில் நம்மைத் தவிர்த்து அவனே முஸ்லிம். அவன் பெட்டியைத் திறந்தபோது நாம் திகைத்தோம். பள்ளியில் அன்று பொரித்த கோழியும் முட்டைக்கோசும்; அவன் பெட்டியிலும் அவையே. மறுநாள் பள்ளியில் கறிக்குழம்பு. அவனுக்கும் அதே நிறத்தில் கறிக்குழம்பு. அவன் தாயார் மாதப் பட்டியலைச் சமையலறைச் சுவரில் ஒட்டி வைத்துக்கொண்டு, விடியுமுன் எழுந்து, பள்ளி உணவைப் போலவே தோன்றும்படி நாள்தோறும் ஹலாலாகச் சமைத்தனுப்புகிறார் என்று பின்னர் அறிந்தோம். தம் மகன் தட்டு மற்றவர் தட்டினின்று வேறாகத் தெரியக் கூடாது என்பதற்கே இத்தனை உழைப்பு. ஜப்பானில் வாழும் முஸ்லிம் தாய்மார் பலர் இவ்வாறே செய்கின்றனர். அத்தாயைக் குறை சொல்ல நமக்கு நா எழாது. ஆனாலும் அச்சிறுவன் மூடியைப் பாதி மட்டும் திறந்து வைத்துக்கொண்டு உண்பதைக் காணும்போது, இந்தப் பாடத்தில் எங்கோ ஒரு வரி விடுபட்டுப் போயிற்று என்று தோன்றும்.

நம் பெட்டியோ எவ்வகையிலும் ஒப்பனை செய்யப்படாதது. வாரத்தில் மூன்று நாள் மீன். சாபா என்னும் மீன் நம் கானாங்கெளுத்திக்கு உறவு. இவாஷி நம் மத்திக்கு. ஆகவே மிளகாயும் புளியும் கைவசம் இருந்தால் கடற்கரை ஊர்க்காரனுக்குக் கவலையில்லை. மாதம் ஒரு முறை கோபேக்குச் செல்வோம். 1935இல் கட்டப்பட்ட, ஜப்பானின் முதல் பள்ளிவாசல் அங்கே உள்ளது. அதன் கட்டுமானத்துக்கு அந்நகரில் வாணிகம் செய்த இந்திய முஸ்லிம்களும் பொருள் உதவினர். 1945இன் குண்டுவீச்சையும் 1995இன் நிலநடுக்கத்தையும் தாங்கி நிற்கும் அதில் ஜும்ஆவுக்குச் செல்ல வேலைநாள் இடந்தராது. விடுமுறை நாளில் லுஹர் தொழுது, அருகிலுள்ள கடையில் கோழியும் பருப்பும் வாங்கித் திரும்புவோம். கறிவேப்பிலைக்கு மட்டும் ஊரிலிருந்து வந்த காய்ந்த சருகே கதி. அங்காடியில் பொட்டலங்களைப் புரட்டிப் புரட்டி, பன்றி, மது, இறைச்சி ஆகிய மூன்றின் சித்திர எழுத்துகளை நம் பெயரை எழுதக் கற்குமுன்பே கற்றுக்கொண்டோம்.

உடலைப் பற்றியும் சொல்ல வேண்டும். மூன்றாண்டில் நம் எடை எட்டுக் கிலோ குறைந்தது. அதற்கெனத் தனியே நாம் எதுவும் செய்யவில்லை. அப்பள்ளியின் அன்றாடமே அதைச் செய்துவிட்டது. பிள்ளைகள் வண்டியில் வருவதில்லை. தெருவாரியாகக் கூடி, மூத்தவன் முன்னே செல்ல, வரிசையாக நடந்தே வருவர். உணவுக்குப் பின் துப்புரவு. பணியாள் இல்லை. ஈரத்துணியின் மேல் இரு கைகளையும் ஊன்றி, இடுப்பை உயர்த்தி, நீண்ட தாழ்வாரத்தின் இக்கரையிலிருந்து அக்கரைக்குப் பிள்ளைகள் ஓடுவர். ஆசிரியரும் ஓட வேண்டும். முதல் நாள் நாம் பாதி வழியில் மூச்சு வாங்கி நின்றபோது இரண்டாம் வகுப்பார் நமக்காகக் காத்து நின்ற கண்ணியத்தை மறக்க இயலாது. கோடை விடுமுறையில் காலை ஆறரைக்கு வானொலி உடற்பயிற்சி. 1928இல் தொடங்கிய அது, 1951இல் அமைந்த இசையோடு இன்றும் ஒலிக்கிறது. பிள்ளைகள் கழுத்தில் அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு வந்து முத்திரை பெற்றுச் செல்வர். தாத்தாமாரும் பக்கத்தில் நின்று கை வீசுவர்.

நீச்சலும் உண்டு. 1955 மே மாதம் ஷியுன் மாரு என்னும் கப்பல் மூழ்கி 168 பேர் இறந்தனர். அவர்களுள் 100 பேர் பள்ளிச் சுற்றுலா சென்ற பிள்ளைகள். பள்ளிதோறும் நீச்சற்குளம் பெருகியது அதற்குப் பின்னரே. எல்லாவற்றையும் நாம் போற்றிவிட்டோம் என்று கொள்ள வேண்டா. தட்டில் ஒன்றும் மிஞ்சக் கூடாதென்று, உண்ண முடியாத பிள்ளையைத் துப்புரவு நேரத்திலும் தட்டின் முன் அமர்த்தி வைக்கும் சில ஆசிரியரின் கண்டிப்பு நமக்குச் சிறிதும் ஏற்புடையதன்று.

2015இல் ரமலான் ஜூன் 18 அன்று தொடங்கிற்று. மூன்று மணிக்கு முன்பே ஸஹர் முடிக்க வேண்டும். மாலை ஏழே காலுக்குத்தான் நோன்பு திறப்பு. பகலுணவு வேளையில் ஆசிரியர் அறையில் ஓய்வெடுக்கலாம் என்று துணைத் தலைமையாசிரியர் அன்போடு சொன்னார். ஆசிரியர் இருக்க வேண்டிய இடம் வகுப்பறை அல்லவா? வெறும் மேசையின் முன் பிள்ளைகளோடு அமர்ந்தோம். "தண்ணீர் கூடவா குடிக்க மாட்டீர்கள்?" என்ற கேள்வி எந்த நாட்டுக் குழந்தையும் கேட்பதுதான். மூன்றாம் வகுப்பில் அக்கேள்வி எழுந்தபோது நம் அரைகுறை ஜப்பானிய மொழி தடுமாறிற்று. அப்போது அந்த வங்கதேசத்துச் சிறுவன் எழுந்து நின்றான். தன் தாயும் தந்தையும் நோன்பிருப்பதையும், சிறு பிள்ளையாதலால் தனக்குக் கடமை இல்லை என்பதையும், சென்ற ஞாயிறு தானே விரும்பி நண்பகல் வரை இருந்து பார்த்ததையும் அவர்கள் மொழியில் தெளிவாக எடுத்துரைத்தான். எவனோ ஒருவன் கைதட்ட, வகுப்பே கைதட்டிற்று. அவன் காது சிவந்து போயிற்று.

கோடை விடுமுறை கழிந்து செப்டம்பரில் பள்ளி திறந்தது. பட்டியலில் சோறும் வறுத்த மீனும் என்றிருந்த ஒரு நாளில், மூடியை முழுதும் எடுத்துவிட்டு அவன் உண்டுகொண்டிருந்தது மஞ்சள் நிறக் கிச்சடி. பக்கத்துப் பிள்ளைகள் எட்டிப் பார்த்து, அது மூன்று நிறத்தில் எந்த நிறத்தைச் சேரும் என்று வழக்காடிக்கொண்டிருந்தனர்.