அப்பாயியின் கறுப்புத் தொலைபேசி

(பதினோராம் வகுப்பு அறிவியல் பிரிவு மாணவியர் நால்வர்)

விரலால் எண்ணைச் சுழற்றிப் பேசும் தொலைபேசியை உங்களில் எத்தனை பேர் தொட்டுப் பார்த்திருக்கிறீர்கள்? பழைய திரைப்படங்களில் கண்டிருப்பீர்கள். சென்ற கோடை விடுமுறை வரை நாங்களும் அப்படித்தான் இருந்தோம். அந்த விடுமுறையில் அப்படி ஒன்றை நாங்கள் பழுது பார்த்த கதையை இங்கே கூறுகிறோம்.

எங்கள் நால்வரில் ஒருத்தியின் வீடு முத்துப்பேட்டைக் கடைத்தெருவுக்கு அருகில் உள்ளது. அவளுடைய அப்பாயிக்குக் கண்ணழுத்த நோயால் பார்வை போய்விட்டது. அவருடைய ஒரே மகள் திருச்சியில் வாழ்கிறார். மகளோடு பேச ஆசை வந்தால், "அத்தைக்கு ஒரு போன் போட்டுக் குடு தாயி" என்று யாரையாவது கேட்க வேண்டும். கைப்பேசியின் கண்ணாடித் திரையில் விரலுக்குத் தட்டுப்பட எதுவும் இல்லையே! பொத்தான் வைத்த கைப்பேசி ஒன்றை வாங்கிக் கொடுத்தார்கள். நெருக்கமான பொத்தான்களில் விரல் மாறிப் போயிற்று. பெயரைச் சொன்னால் அழைக்கும் வசதியும் உண்டுதான். ஆனால், அப்பாயியின் கீழத்தஞ்சைப் பேச்சு அதற்கு விளங்கவில்லை! ஆகவே, பெரியவர்கள் வயலுக்கும் கடைக்கும் போய்விட்டால், நாங்கள் பள்ளியிலிருந்து திரும்பும் வரை அவர் காத்திருப்பார்.

ஒருநாள் பரணைச் சுத்தம் செய்தபோது, சாக்குப் பையில் கட்டிய கறுப்புத் தொலைபேசி ஒன்று கிடைத்தது. "இது உங்க தாத்தாவோட நெல் மண்டி போனு" என்று சொல்லி அப்பாயி அதை மடியில் வாங்கிக் கொண்டார். வட்டின் ஓரத்தில் விரலை நிறுத்தும் உலோகத் துண்டைத் தடவிக் கண்டுபிடித்தார். அதன் கீழேயுள்ள துளை சுழி. மேலே முதல் துளை ஒன்று. அங்கிருந்து எண்ணிக்கொண்டே போய், நாங்கள் கேட்ட எண்களையெல்லாம் ஒரு பிழையுமின்றிச் சுழற்றிக் காட்டினார். நாங்கள் வியந்து நின்றோம். இதற்கு உயிர் கொடுத்தால் என்ன என்று அப்போதுதான் தோன்றியது.

பெட்டியின் அடியில் 'ஐ.டி.ஐ.' என்ற எழுத்துகள் இருந்தன. இந்தியத் தொலைபேசித் தொழிலகம் 1948-ஆம் ஆண்டு பெங்களூரில் தொடங்கப்பட்டது. அரசு அலுவலகம், அஞ்சலகம், மண்டி என்று நாடெங்கும் ஒலித்த கறுப்புத் தொலைபேசிகளில் பல அங்கே செய்யப்பட்டவை. அந்நாளில் தொலைபேசிக்கு விண்ணப்பித்தவர்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். வெளியூருக்குப் பேச 'டிரங்க் கால்' பதிவு செய்துவிட்டு மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பார்களாம்.

இணைப்பகத்தில் உள்ளவரின் உதவியின்றி நாமே எண்ணைச் சுழற்றி அழைக்க வழி வகுத்தவர் ஆல்மன் ஸ்ட்ரௌஜர் என்ற அமெரிக்கர். இறந்தோரை அடக்கம் செய்வது அவர் தொழில். தமக்கு வர வேண்டிய அழைப்புகள் போட்டியாளருக்குத் திருப்பப்படுகின்றன என்று ஐயுற்று, அவர் தானியங்கி இணைப்பகத்தைக் கண்டுபிடித்தார் என்பர். 1891-இல் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. விரலை விட்டுச் சுழற்றும் வட்டு சில ஆண்டுகள் கழித்து வந்தது. பிறர் கையை எதிர்பாராமல் அழைக்க வேண்டும் என்பதே அவர் விருப்பம். அப்பாயியின் விருப்பமும் அதுதானே!

தொலைபேசித் துறையில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்ற தாத்தா ஒருவர் எங்கள் தெருவில் இருக்கிறார். அவரிடம் ஓடினோம். "முதல்ல ஒயரைப் பிடுங்கிட்டுத்தான் கையை வைக்கணும். மணி அடிக்கிற நேரத்துல 75 வோல்ட் வரும்" என்று எச்சரித்த பிறகே திருப்புளியை எங்கள் கையில் கொடுத்தார்.

உள்ளே ஒரே ஒட்டடை! எங்கள் ஊரின் உப்புக் காற்று மணியின் திருகுகளைத் துருவாக்கியிருந்தது. துருவைச் சுரண்டினோம். மேல்பெட்டியைச் சோப்பு நீரில் நனைத்த துணியால் துடைத்தோம். பேசும் பகுதியில் கரித்துகள்கள் உண்டு. நம் குரலுக்கு ஏற்ப அவை நெருங்கியும் விலகியும் மின்னோட்டத்தை மாற்றுகின்றன. ஆண்டுக்கணக்கில் அசையாமல் கிடந்ததால் அவை இறுகியிருந்தன. தாத்தா அதை உள்ளங்கையில் மெல்லத் தட்டியதும் துகள்கள் தளர்ந்தன.

வட்டுதான் எங்களைப் பாடாய்ப் படுத்தியது. வட்டு திரும்பி வரும்போது மின்னோட்டம் விட்டு விட்டு அறுபடும். 7 என்றால் ஏழு முறை; 0 என்றால் பத்து முறை. நொடிக்குப் பத்து முறை என்பது கணக்கு. கைப்பேசியில் அந்தக் 'கிளிக்' ஒலியைப் பதிவு செய்து பார்த்தோம். சுழிக்கு ஒரு நொடி ஆக வேண்டிய இடத்தில் ஏறக்குறைய இரண்டு நொடி ஆயிற்று. பழைய எண்ணெய் பிசினாக உறைந்திருந்ததே காரணம். அதைத் துடைத்து, கைக்கடிகாரம் பழுது பார்க்கும் கடையிலிருந்து வாங்கி வந்த எண்ணெயை ஊசி முனையால் ஒரு துளி விட்டோம். வட்டு சீரான ஓசையோடு திரும்பியது. என்னே எங்கள் மகிழ்ச்சி!

ஆனால், அது நீடிக்கவில்லை. வீட்டில் இணையத்துக்காகக் கண்ணாடி இழை இணைப்பு உண்டு. அதன் பெட்டியிலுள்ள தொலைபேசித் துளையில் செருகினோம். வெளியிலிருந்து அழைத்தபோது மணி கணகணவென்று அடித்தது, பேசவும் முடிந்தது. ஆனால், இங்கிருந்து எண்ணைச் சுழற்றினால் ஒன்றும் நடக்கவில்லை. அந்தப் பெட்டிக்குத் துடிப்புகளை எண்ணத் தெரியாது. ஒவ்வோர் எண்ணுக்கும் இரண்டு ஒலிகள் சேர்ந்து எழும் 'டோன்' முறைதான் அதற்குத் தெரியும். இருவர் பேசும் மொழி வேறானால் நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டுமல்லவா? எங்கள் இயற்பியல் ஆசிரியை சொன்னபடி, துடிப்பை டோனாக மாற்றும் சிறிய மின்சுற்று ஒன்றை வரவழைத்துத் தொலைபேசிக்குள்ளேயே பொருத்தினோம்.

இன்னுமொரு தடை இருந்தது. 2021 ஜனவரி முதல் தரைவழித் தொலைபேசியிலிருந்து கைப்பேசியை அழைக்க முன்னால் சுழி சேர்க்க வேண்டும். ஆக மொத்தம் பதினோர் எண்கள்! இடையே சில நொடி தாமதித்தால், எண் முடிந்துவிட்டதென்று பெட்டி எண்ணிக்கொள்ளும். அப்பாயி நான்கு நாட்கள் இணைப்பில்லாமலே பயிற்சி செய்தார். எண்களைப் பாட்டுப் போல் முணுமுணுத்துக்கொண்டே சுழற்றுவார். தவறினால் தமக்குத்தாமே சிரித்துக்கொண்டு மறுபடி தொடங்குவார்.

ஐந்தாம் நாள் மாலை இணைப்பைக் கொடுத்தோம். பதினோர் எண்களும் சுழன்றன. மறுமுனையில் அத்தை, "யாரும்மா போட்டுக் குடுத்தா?" என்று கேட்டார்.

"யாரும் போட்டுக் குடுக்கல. நானேதான் போட்டேன்."

சற்று நேரம் இருபுறமும் பேச்சில்லை. பிறகு அப்பாயி எங்கள் பக்கம் முகத்தைத் திருப்பி, "புள்ளைவளா, கொஞ்சம் வெளியில இருங்க" என்றார். நாங்கள் திண்ணைக்கு வந்துவிட்டோம். முதலில் சிறிது வருத்தமாகத்தான் இருந்தது. பிறகுதான் விளங்கியது. பார்வை போன நாளிலிருந்து அப்பாயி தம் மகளோடு பேசிய ஒவ்வொரு சொல்லையும், அருகில் நின்று யாரோ ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தோம். நாங்கள் அன்போடுதான் உதவினோம். ஆயினும், ஒரு தாய்க்கும் மகளுக்கும் தனியே பேச எத்தனையோ இருக்கும் அல்லவா? அதை ஒருநாளும் நாங்கள் எண்ணிப் பார்க்கவில்லை.

குறையையும் சொல்லிவிட வேண்டும். பழைய செப்புக் கம்பி இணைப்பகத்திலிருந்தே மின்சாரத்தைக் கொண்டு வரும். வீட்டில் விளக்கு அணைந்தாலும் தொலைபேசி பேசும். கண்ணாடி இழையில் ஒளிதான் வரும், மின்சாரம் வராது. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் அடித்தபோது நாங்கள் சிறுமிகள். பல நாள் மின்சாரமில்லை, கைப்பேசிகள் ஊமையாயின. அப்பாயி உயிரோடிருக்கிறாரா என்று அறியாமல் அத்தை துடித்ததை இன்றும் சொல்லிக் கலங்குவார். அதனால் இணைப்புப் பெட்டிக்கு ஒரு சிறு மின்கலத்தைச் சேர்த்திருக்கிறோம். சில மணி நேரம் தாங்கும். புயலுக்கு அது போதாது. நாள்தோறும் வரும் மின்தடைக்குப் போதும்.

இப்போது மாலையில் நாங்கள் அந்த வீட்டுக்குப் போனால், சில நாட்களில் கதவு சாத்தியிருக்கும். உள்ளே வட்டு திரும்பும் ஓசை கேட்கும். நாங்கள் கதவைத் தட்டுவதில்லை. திண்ணையில் உட்கார்ந்து வீட்டுப் பாடம் எழுதத் தொடங்கிவிடுவோம்.