யார் முதலில் அனுப்புவது?



நம் வீட்டிற்கு வந்திருப்பவர்கள் பலர், வேத விளக்கவுரை நூல்களுக்குக் கீழ்த்தட்டில் வரிசையாக அடுக்கியிருக்கும் பெட்டிகளைப் பார்த்து, "இவை என்ன, ஐயா?" என்று கேட்டதுண்டு. "பேஸ்பால் அட்டைகள்" என்றதும் ஒரு புன்னகையோடு பேச்சை மாற்றிவிடுவார்கள். சென்ற மாதம் நம் சபையின் மூத்த சகோதரி ஒருவர் மட்டும் பேச்சை மாற்றவில்லை. அவர் கேட்ட கேள்வியைப் பற்றி அவருடைய அனுமதியோடு எழுதுகிறேன். அதற்கு முன்பாக, இந்த அட்டைகள் என்னிடம் வந்த கதையைச் சொல்லவேண்டும்.

இறையியல் மேற்படிப்பிற்காக நான் நியூஜெர்சிக்கு வந்த முதல் கோடைக்காலம் அது. ஒரு வீட்டு வாசலில் பழைய சாமான்களைப் பரப்பி விற்றுக்கொண்டிருந்தார்கள். செருப்புப் பெட்டி நிறைய அட்டைகள், விலை ஒரு டாலர். அனைத்தும் டாப்ஸ் நிறுவனம் 1987ஆம் ஆண்டு வெளியிட்டவை. மரப்பலகையைப் போன்ற விளிம்பு, நடுவில் ஆட்டக்காரரின் படம், பின்புறம் அவருடைய ஆண்டுவாரியான ஆட்டக் கணக்கு. கிரிக்கெட்டைத் தவிர வேறு மட்டையாட்டம் அறியாத நான், அந்தப் பின்பக்கக் கணக்குகளைப் படித்துத்தான் பேஸ்பாலைக் கற்றுக்கொண்டேன். அந்த ஆண்டின் முழுத் தொகுப்பு 792 அட்டைகள். என்னிடம் இருந்தவை முந்நூற்றுச் சொச்சம். அதிலும் ஒரே முகம் நான்கு முறை, ஐந்து முறை வந்திருந்தது. மிஞ்சியதைக் கொடுத்து இல்லாததைப் பெறலாம் என்று ஒருவர் சொன்னார். அப்படித்தான் இந்த ஐக்கியத்திற்குள் வந்தேன்.

இதில் பரிமாற்றம் பெரும்பாலும் தபாலில் நடக்கும். எனக்கு வேண்டிய எண்களை நான் எழுதுவேன். அவருக்கு வேண்டியவற்றை அவர் எழுதுவார். ஒருவரையொருவர் பார்த்ததில்லை. அப்படியானால் யார் முதலில் அனுப்புவது? எழுதப்படாத ஒரு வழக்கம் உண்டு: புதிதாக வந்தவர், இன்னும் நற்பெயர் ஈட்டாதவர், முதலில் அனுப்பவேண்டும். நான் ஒஹாயோ மாநிலத்தில் முகமறியாத ஒருவருக்கு நாற்பது அட்டைகளை அனுப்பிவிட்டு ஒன்பது நாட்கள் காத்திருந்தேன். வந்த உறையில் நாற்பத்து மூன்று இருந்தன. கூடுதல் மூன்றைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் எழுதியிருக்கவில்லை.

அட்டையை அனுப்புவதற்கும் ஒரு முறை இருக்கிறது. முதலில் மெல்லிய உறை, அதன்மேல் கெட்டியான பிளாஸ்டிக் உறை, அதன் வாயை மூட வண்ணம் பூசுபவர்கள் பயன்படுத்தும் நீல ஒட்டுநாடா. செலோடேப் ஒட்டினால் பிசின் அட்டையில் இறங்கிவிடும். நாடாவின் ஒரு நுனியைச் சற்று மடித்துவிடவேண்டும். பெறுகிறவர் நகத்தால் சுரண்டாமல் எளிதாக இழுத்துப் பிரிப்பதற்காக. அந்த மடிப்பைக் கண்டாலே அனுப்பியவரை எனக்குப் பிடித்துவிடும். குறைகளையும் முன்கூட்டியே சொல்லவேண்டும். சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால் மட்டும் தெரியும் மடிப்புக்கோடு என்றாலும் எழுதிவிடவேண்டும். கள்ளத்தராசு தானியக் கடையில் மட்டும் இருப்பதல்ல.

இந்த உலகின் மிகப் புகழ்பெற்ற அட்டையின் கதையும் அதுதான். 1909 முதல் 1911 வரை சிகரெட் பெட்டிகளில் வைக்கப்பட்ட தொகுப்பில், பிட்ஸ்பர்க் அணியின் ஹோனஸ் வாக்னர் தம் படத்திற்கு இசையவில்லை. குழந்தைகள் அதற்காகச் சிகரெட் வாங்குவதை அவர் விரும்பவில்லை என்பர் சிலர். பணத் தகராறு என்பர் வேறு சிலர். அச்சு நின்றது, சில பிரதிகளே தப்பின. அவற்றுள் மிக நேர்த்தியான ஒன்று 2007இல் 28 லட்சம் டாலருக்கு விற்கப்பட்டது. அதை முன்பு விற்ற பில் மாஸ்ட்ரோ என்ற ஏலக்காரர், தாமே அதன் விளிம்பைக் கத்தரித்துச் சீராக்கியதாக 2013இல் ஒப்புக்கொண்டார்.

எனக்குப் பிடித்த பெயர் வேறு. ஜெபர்சன் பர்டிக் என்பவர் மூட்டுவாதத்தால் விரல்கள் முடங்கிய எளிய தொழிலாளி. அட்டைகளுக்குப் பெயரும் எண்ணும் கொடுத்துப் பட்டியல் தயாரித்தவர். சேகரிப்போர் இன்றும் அவர் கொடுத்த எண்களையே சொல்கிறார்கள். தாம் சேர்த்த மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட அட்டைகளையும் அச்சுத்தாள்களையும் நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்திற்குக் கொடுத்துவிட்டு, ஆண்டுக்கணக்கில் அங்கேயே உட்கார்ந்து அவற்றை ஆல்பங்களில் ஒட்டினார். 1963 ஜனவரியில் வேலையை முடித்தார். மார்ச்சில் காலமானார்.

இனி அந்தச் சகோதரியின் கேள்விக்கு வருகிறேன். அவருடைய கணவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. நிலவறையில் பிரிக்காத அட்டைப் பெட்டிகள் அடுக்கடுக்காக இருந்தன. 1988 முதல் 1991 வரை வாங்கியவை. மகனின் கல்லூரிப் படிப்புக்கு உதவும் என்று வாங்கி வைத்தாராம். "ஐயா, இவையெல்லாம் என்ன விலைக்குப் போகும்?"

அவர் கணவரின் கணக்கை என்னால் புரிந்துகொள்ள முடிந்தது. 1952ஆம் ஆண்டின் மிக்கி மாண்டில் அட்டை பெருந்தொகைக்குப் போவதை அன்று எல்லோரும் கேள்விப்பட்டார்கள். 2022இல் ஒரு பிரதி 1 கோடியே 26 லட்சம் டாலருக்குச் சென்றது. ஆனால் அது அரிதானதற்குக் காரணம், யாரும் அதைப் பத்திரப்படுத்தவில்லை என்பதே. தாய்மார்கள் குப்பையில் போட்டார்கள். விற்காமல் தங்கியவற்றை 1960இல் படகில் ஏற்றி அட்லாண்டிக் கடலில் கொட்டியதாக டாப்ஸ் நிறுவனத்தின் சை பெர்கரே பின்னாளில் சொன்னார். எண்பதுகளின் இறுதியிலோ ஊரெல்லாம் பத்திரப்படுத்தியது. நிறுவனங்களும் அளவின்றி அச்சடித்துத் தள்ளின. அக்காலத்து அட்டைகளுக்குச் சேகரிப்போர் வைத்திருக்கும் பெயரே 'குப்பை மெழுகுத்தாள் காலம்'.

அந்தப் பெயரை நான் அவரிடம் சொல்லவில்லை. விலையை மட்டும் மறைக்காமல் சொன்னேன்: பல பெட்டிகள் அன்று கொடுத்த விலையை ஒட்டித்தான் போகும், அம்மா.

அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "அவருக்கு இது தெரியாமலே போயிற்று. நல்லதுதான்" என்றார். எழுந்து உள்ளே சென்று, பிரித்த பெட்டி ஒன்றையும் ஒரு நோட்டுப் புத்தகத்தையும் கொண்டுவந்தார்.

நோட்டில் தகப்பனாரின் கையெழுத்து. மகன் பள்ளித் தோழர்களோடு செய்த ஒவ்வொரு பரிமாற்றமும் தேதியோடு தமிழில் எழுதப்பட்டிருந்தது: கொடுத்தது, வாங்கியது, வரவேண்டியது. இரவு வேலை முடிந்து வந்து, மகன் பள்ளிக்குக் கிளம்புமுன் இருவரும் உட்கார்ந்து இதை எழுதுவார்களாம். கடைசிப் பக்கத்தில் 1991ஆம் ஆண்டுக் குறிப்பு ஒன்று. பென்சில்வேனியாவுக்குக் குடிபெயர்ந்த தோழன் ஒருவன் தன் பங்கை முதலில் அனுப்பிவிட்டான். அதற்கு நேரே, "அனுப்பவேண்டியது: பாரி பாண்ட்ஸ், 1987, எண் 320" என்று எழுதி, முகவரியும் குறித்திருந்தது. அனுப்பியதற்கான அடையாளம் எதுவுமில்லை. ஏன் நின்றுபோயிற்று என்று அம்மாவுக்கும் நினைவில்லை. கலிபோர்னியாவிலுள்ள மகனைத் தொலைபேசியில் கேட்டோம், அவருக்கும் நினைவில்லை.

அட்டை பெட்டியிலேயே இருந்தது. இன்று அதன் மதிப்பு மிகச் சொற்பம். முப்பது ஆண்டுகளுக்கு மேலான முகவரியில் அந்தப் பையன் இருப்பானா என்று நான் தயங்கினேன்.

"கடன் கடன்தானே, ஐயா. அனுப்பிப் பார்ப்போம்" என்றார்.

நான் உறையிலிட்டேன்; நாடாவின் நுனியை மடித்தது அவர். மகன் தொலைபேசியில் சொல்லச் சொல்ல ஒரு சிறு கடிதமும் எழுதி உள்ளே வைத்தோம். சென்ற செவ்வாய்க்கிழமை தபாலில் சேர்த்தேன். இதை எழுதும்வரை உறை திரும்பி வரவில்லை, பதிலும் வரவில்லை.