அளவு சொல்லும் முன்

புது வீட்டுச் சுவருக்கு ஆன்லைனில் பிரேம் ஆர்டர் போடப்போகிறேன் என்றாய், தாயி. தாராளமாகப் போடு. பிரேம் கடையிலேயே காலத்தைக் கழித்த கிழவன், குறுக்கே நிற்பானோ என்று நினைத்திருப்பாய். எனக்கு அந்த வருத்தமெல்லாம் இல்லை. மதுரையில் என் கடைச் சுவரில் சாத்தியிருந்த பீடிங், அதாவது சட்டம் செய்கிற கட்டை, வகைகளை ஒரு பார்வையில் எண்ணிவிடலாம். உன் போனில் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருக்கிறது. நல்லதுதான்.

ஆனால் ஒன்று. என் கடைக்கு வந்தவர்கள் யாரும் அளவோடு வந்ததில்லை, படத்தோடு வந்தார்கள். மேஜையில் வைத்து “நல்லா போட்டுக் குடுங்கண்ணே” என்பார்கள். டேப்பைப் பிடிப்பது என் பாடு. தப்பாக வெட்டினால் கண்ணாடியும் என் நஷ்டம், பீடிங்கும் என் நஷ்டம். இப்போது திரையில் அகலம், உயரம் என்று இரண்டு கட்டம் வருகிறது. அதில் எண்ணைத் தட்டும்போது கடைக்காரன் வேலையும் உன்னுடையதாகிவிடுகிறது. பிசகினால் “நீங்கள் கொடுத்த அளவுதானே?” என்று ஒற்றை வரியில் பதில் வரும். பிரேமுக்கு மட்டும் இல்லை, போனில் வாங்குகிற எதற்கும் இதைக் கேட்டுக்கொள்: விலை குறைந்திருக்கிறதே, இதில் யார் செய்துவந்த எந்த வேலை என் தலையில் வந்து விழுந்திருக்கிறது?

முதலில், அந்தக் கட்டம் எதன் அளவைக் கேட்கிறது என்று பார். படத்தின் அளவா, கண்ணாடியின் அளவா, சட்டத்தின் வெளி அளவா? மூன்றும் வேறு வேறாக இருக்கலாம். பீடிங்கின் உள்விளிம்பில் ஒரு காடி வெட்டியிருக்கும், கண்ணாடியும் படமும் அதில்தான் உட்காரும். அந்த விளிம்பு நாலு பக்கமும் கால் இஞ்ச் மாதிரி படத்தை மூடும். 8-க்கு 12 படத்துக்கு ஒரு இஞ்ச் அகலப் பீடிங் போட்டால் கண்ணுக்குத் தெரிவது ஏழரைக்குப் பதினொன்றரை, சுவரில் இடம் பிடிப்பது ஒன்பதரைக்குப் பதின்மூன்றரை. ஓரத்தில் கையெழுத்தோ தேதியோ இருந்தால் அந்தக் கால் இஞ்சில் அது போய்விடும். ஓவியத்தில் கையெழுத்து மறைந்தால் வரைந்தவர் உன்னை மன்னிக்க மாட்டார்.

சுற்றிலும் வெள்ளை அட்டை, அதாவது மவுண்ட், வேண்டும் என்றால் கணக்கு இன்னும் வளரும். அதே 8-க்கு 12 படத்தைச் சுற்றி இரண்டு இஞ்ச் வெள்ளை வைக்கவேண்டுமா? கண்ணாடி அளவு 12-க்கு 16 ஆகும். அது கடைகளில் ரெடியாகக் கிடைக்கிற அளவு. மவுண்டை மட்டும் வெட்டச் சொல்லிவிட்டு, சட்டத்தை ரெடிமேடாக எடுத்தால் காசு மிச்சம். இந்த உபாயத்தைக் ‘கஸ்டம்’ விற்கிறவர்கள் தாமாகச் சொல்ல மாட்டார்கள்.

அளப்பதற்குத் தையல்காரர் டேப் வேண்டாம், இழுபடும். இரும்பு ஸ்கேலில் மில்லிமீட்டரில் எடு. மேலே ஒருமுறை, கீழே ஒருமுறை, இடது, வலது. பழைய படங்கள் பெரும்பாலும் கோணல்தான். கோவில்பட்டி கொண்டையராஜு வரைந்த சாமி படங்கள் காலண்டராக வீடு வீடாக வந்த காலத்தில், வருஷம் முடிந்ததும் கம்பெனிப் பெயரையும் தேதித்தாளையும் கத்தரித்துவிட்டுப் படத்தைச் சட்டம் போட எடுத்துவருவார்கள். கத்தரித்தது வீட்டுக் கத்தரிக்கோல். மேலே ஒரு அளவு, கீழே ஒரு அளவு. அப்படிப்பட்ட படத்துக்குச் சின்ன அளவை எடுத்து, மவுண்டால் கோணலை மறைக்கவேண்டும்.

படமே போனில்தான் இருக்கிறது, அவர்களே பிரிண்ட் போட்டு அனுப்பிவிடுவார்கள் என்றால் இரண்டு சோதனை. வாட்ஸ்அப்பில் வந்த படத்தை ஏற்றாதே. சாதாரணமாக அனுப்பினால் அது நீளப் பக்கத்தைச் சுமார் 1600 புள்ளிகளுக்குச் சுருக்கிவிடும். கிட்டத்தில் நின்று பார்க்கிற படம் துல்லியமாக இருக்க இஞ்சுக்கு 300 புள்ளி வேண்டும் என்பது அச்சுக்காரர் கணக்கு. 12 இஞ்ச் நீளத்துக்கு 3600. எடுத்தவரிடமே கேட்டு, டாக்குமெண்டாக அனுப்பச் சொல்.

அடுத்தது விகிதம். போன் படம் பொதுவாக 4-க்கு 3, பெரிய கேமரா படம் 3-க்கு 2. போன் படத்தை 12-க்கு 8 சட்டத்தில் திணித்தால் மேலேயோ கீழேயோ வெட்டுப்படும். 12-க்கு 9 என்றால் அப்படியே பொருந்தும். கேமரா படத்தை 10-க்கு 8 ஆக்கினால் பக்கவாட்டில் போகும். குடும்பப் படத்தில் பக்கவாட்டில் நிற்பவர் யார் தெரியுமா? எப்போதும் ஏதாவது ஒரு மாப்பிள்ளைதான். பாதித் தோளோடு சுவரில் தொங்கினால் அவர் அடுத்த விசேஷத்துக்கு வரமாட்டார்.

இனி முக்கியமானது. என் அப்பா அம்மா கல்யாணப் படத்தை அனுப்பிச் சட்டம் போடலாமா என்று கேட்டாய். அசலைக் கூரியரில் போடாதே. நல்ல ஸ்கேன் எடு, பிரதியைச் சட்டம் போடு, அசலை வெயில் படாத அலமாரியில் வை. சுவரில் தொங்குகிற போட்டோ பெரும்பாலும் வெளிச்சத்தில் கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்துக்கொண்டுதான் இருக்கும். பிரதி வெளுத்தால் இன்னொன்று எடுக்கலாம்.

அந்தக் காலத்துப் போட்டோவின் மேல்பரப்பு ஜெலட்டின். மழைக்கால ஈரத்தில் அது இளகிக் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். மவுண்ட் அழகுக்கு மட்டும் என்று நினைக்காதே, கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே காற்று இருக்கத்தான் அது முக்கியமாக வேண்டும். மவுண்ட் வாங்கும்போது அமிலம் இல்லாத அட்டை என்று எழுதியிருக்கிறதா பார். மட்டமான அட்டை சில வருஷத்தில் படத்தின் ஓரமாகப் பழுப்புக் கோடு போடும், அது போகாது. வீட்டில் ஏற்கெனவே கண்ணாடியில் ஒட்டிப்போன படம் இருந்தால் பிரிக்க முயலாதே, முகம் கண்ணாடியோடு வந்துவிடும். கண்ணாடியோடேயே ஸ்கேன் எடு.

கண்ணாடியா, அக்ரிலிக்கா என்று கேட்பார்கள். கூரியரில் வருவதற்கு அக்ரிலிக் சௌகரியம், எளிதில் உடையாது. எடையும் பாதிதான்: 24-க்கு 36 அளவில் 2 மில்லிமீட்டர் கண்ணாடி கிட்டத்தட்ட 2.8 கிலோ, அக்ரிலிக் 1.3 கிலோ. கட்டிலுக்கு மேலே மாட்டுவதற்கு அதுதான் சரி. அதன் இரண்டு பக்கமும் ஒரு மெல்லிய தாள் ஒட்டி வரும், உரித்துவிட வேண்டும். அதை உரிக்காமலே “மங்கலான சாமானை அனுப்பிவிட்டான்” என்று சண்டை போட்டவர்களை நான் அறிவேன். ஆனால் பூஜை அறைப் படத்துக்கும், பொட்டு வைத்து மாலை போடுகிற பெரியவர்கள் படத்துக்கும் கண்ணாடிதான். வெள்ளிக்கிழமைதோறும் சந்தனத்தையும் குங்குமத்தையும் துடைத்துத் துடைத்து அக்ரிலிக் முழுக்கக் கீறல் விழுந்துவிடும். பக்கத்தில் விளக்கு எரிந்தால் சூட்டில் வளையவும் செய்யும்.

‘டீக் ஃபினிஷ்’ என்று போட்டிருந்தால் அது தேக்கின் நிறம், தேக்கு இல்லை. உள்ளே மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். இருக்கலாம், பாலிஸ்டைரீன் என்கிற சிந்தெடிக் இருக்கலாம். சிந்தெடிக் என்றால் முகம் சுளிக்காதே. கரையான் ஏறுகிற நம் வீடுகளில் அது நல்ல மரத்தைவிட நீடிக்கும். எனக்குப் பிடிக்காதது எம்.டி.எஃப்.தான், ஈரச் சுவரில் உப்பிப்போகும். தஞ்சாவூர் ஓவியத்துக்கு மட்டும் இந்தக் கடைகளின் வழக்கமான பீடிங்கை எடுக்காதே. சுண்ணப் பூச்சும் கல்லும் மேலெழும்பி நிற்கும், காடி ஆழமாக இல்லாவிட்டால் கண்ணாடி அதன்மேல் அழுந்தித் தங்கத்தகடு நசுங்கும். ஆழம் எத்தனை மில்லிமீட்டர் என்று சொல்லாத கடையில் அதை ஒப்படைக்காதே.

ஆர்டர் போடும் முன் பழைய செய்தித்தாளை வெளி அளவுக்கு வெட்டிச் சுவரில் ஒட்டி இரண்டு நாள் பார். திரையில் எல்லாப் பிரேமும் அந்த விளம்பரச் சோபாவுக்கு மேலேதான் தொங்கும், உன் சோபா வேறு, உன் சுவர் வேறு. பார்சல் வந்தால் டேப்பை வெட்டுவதிலிருந்து வீடியோ எடு. நீ சொன்ன அளவுக்குச் செய்த சாமானை மனசு மாறியதற்காக அவர்கள் திரும்ப எடுக்கமாட்டார்கள், அது நியாயமும்கூட. உடைந்தோ, சொன்னதற்கு மாறாகவோ வந்தால் கதை வேறு. 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி உன் புகாரைப் பெற்றுக்கொண்டதாக அவர்கள் 48 மணி நேரத்துக்குள் சொல்லவேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்கவேண்டும். தீராவிட்டால் 1915 என்கிற நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் போடு. கோபத்தில் கத்தாதே, ஆர்டர் எண், போட்டோ, தேதி இந்த மூன்றையும் எழுத்தில் கொடு.

மாட்டும்போது பெரிய படத்துக்கு இரண்டு ஆணி. ஒற்றை ஆணியில் கதவு சாத்தும் ஒவ்வொரு முறையும் படம் சாயும். மழைச்சாரல் அடிக்கிற வெளிச்சுவரைத் தவிர். வழியில்லை என்றால் சட்டத்தின் பின்மூலைகளில் ரப்பர் பொத்தான் ஒட்டு, பின்னால் காற்று போகட்டும். இல்லாவிட்டால் அட்டையில் பூஞ்சை பூக்கும்.

என்றைக்காவது கண்ணாடி உடையும். அதற்கு ஆன்லைன் கடை வராது, உன் தெருமுனையில் இருக்கிற பிரேம் கடைதான். நான் அங்கே வாங்கவில்லையே என்று கூச்சப்படாதே, எங்கள் பிழைப்பில் பாதி அடுத்தவன் போட்ட சட்டத்துக்குக் கண்ணாடி மாற்றுவதுதான். படத்தை வீட்டில் எடுத்து வைத்துவிட்டுச் சட்டத்தை மட்டும் கொண்டுபோ. உடைந்த துண்டுகளைக் குப்பைக்கூடையில் கொட்டாதே. செய்தித்தாளில் நாலு சுற்றுச் சுற்றி, மேலே ‘கண்ணாடி’ என்று பெரிதாக எழுதி, காலையில் வருகிற தூய்மைப் பணியாளர் கையில் சொல்லிக் கொடு.