முதல் விசில் வரை

பிரஸ்ஸல்ஸ் ஸ்ப்ரவுட் என்ற குட்டிக்கோசைத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளிய குழந்தைகள் எல்லோரும் சரியாகத்தான் செய்தார்கள். இங்கிலாந்தில் தலைமுறை தலைமுறையாகக் கிறிஸ்துமஸ் மதியச் சாப்பாட்டில் இது நடந்திருக்கிறது. குழந்தை தள்ளும், பெரியவர் அதட்டுவார், கடைசியில் ஒன்றே ஒன்று கண்ணை மூடிக்கொண்டு உள்ளே போகும். அடம், செல்லம், நாக்கு ருசி என்று பழியெல்லாம் பிள்ளைகள் மேல்தான் விழுந்தது. ஆனால் அந்தக் காய் உண்மையிலேயே கசந்தது. அதை வேகவைத்த விதம் கசப்பின் மேல் ஒரு நாற்றத்தையும் ஏற்றிவிட்டது. கசப்பை விதைக்காரர்கள் குறைத்துவிட்டார்கள். நாற்றத்தைப் போக்க நம் வீட்டு பிரஷர் குக்கரே போதும். இதை நான் யாரிடம் சொன்னாலும் முகம் சுளிக்கிறார்கள். கோசு வகையைக் குக்கரில் ஏற்றுகிறவர்களைப் பற்றி நம் ஊரிலும் நல்ல அபிப்பிராயம் கிடையாது.

நான் இருப்பது லிங்கன்ஷயரில். இங்கிலாந்தின் ஸ்ப்ரவுட்டில் பெரும்பங்கு இந்தப் பக்கத்து வயல்களில்தான் விளைகிறது. பாஸ்டன் நகரைச் சுற்றியுள்ள நிலம் ஒரு காலத்தில் சதுப்பு. வாய்க்கால் வெட்டி நீரை வடித்து விளைநிலமாக்கினார்கள். கண்ணுக்கெட்டிய தூரம் மேடே இல்லை. டிசம்பரில் பல வயல்கள் உழுது கிடக்கும்போது ஸ்ப்ரவுட் வயல் பச்சையாக நிற்கும். செடியைப் பார்த்திராதவர்களுக்குச் சொல்ல வேண்டும்: இது தரையில் உட்கார்ந்திருக்கும் முட்டைக்கோசு அல்ல. தொடை உயரத்துக்கு ஒரு தடித்த தண்டு, அதன் உச்சியில் தென்னங்கன்று போல ஒரு இலைக்கொத்து. தண்டு நெடுக, ஒவ்வொரு இலையும் ஒட்டியிருக்கும் கோணத்தில் ஒரு மொட்டு. அந்த மொட்டுதான் நாம் சாப்பிடும் காய். கீழேயிருந்து மேலாக முற்றிக்கொண்டு போகும். அறுவடை இயந்திரத்தில்கூட மனிதக் கை தேவைப்படுகிறது. வெட்டிய தண்டை ஒருவர் எடுத்துச் சுழலும் கத்திக்குள் நுழைக்க, மொட்டுகள் உதிர்ந்து விழும். மூடுபனியில், கைவிரல் மரத்துப்போகும் குளிரில் அந்த வேலையைச் செய்பவர்களில் பலர் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்தவர்கள். கிறிஸ்துமஸ் நெருங்கும்போது தண்டோடு முழுசாகவும் கடைகளில் சாய்த்து வைத்திருப்பார்கள். எனக்கு அதை வாங்கத்தான் பிடிக்கும். தண்டிலிருந்து அன்றைக்குப் பறித்த மொட்டு, பையில் நாலு நாள் கிடந்ததைவிட இனிப்பாக இருக்கிறது.

உறைபனி விழுந்த பிறகு பறித்தது இன்னும் இனிப்பு. குளிரில் உறைந்துவிடாமலிருக்கச் செடி தன் செல்களில் சர்க்கரையைச் சேர்த்துக்கொள்கிறது. விவசாயிகளுக்கு இது எப்போதும் தெரிந்த சங்கதி.

கசப்பின் கதை விதைக் கம்பெனியில் முடிகிறது. முட்டைக்கோசு, காலிஃபிளவர், நூல்கோல், பிராக்கோலி, ஸ்ப்ரவுட் எல்லாம் தாவரவியல் கணக்கில் ஒரே இனம். பூச்சி அண்டாமலிருக்க இவை குளுக்கோசினோலேட் எனப்படும் கந்தகச் சேர்மங்களைச் சேமித்து வைக்கின்றன. 1990களில் நெதர்லாந்தில் ஹான்ஸ் வான் டோர்ன் என்ற விஞ்ஞானியும் அவரோடு வேலை செய்தவர்களும் ஸ்ப்ரவுட்டின் கசப்புக்கு அவற்றில் எது காரணம் என்று தேடினார்கள். சினிக்ரின், புரோகோய்ட்ரின் என்ற இரண்டும் கையும் களவுமாக அகப்பட்டன. விதைக்காரர்கள் தங்கள் கிடங்குகளில் கிடந்த பழைய ரகங்களைத் தோண்டியெடுத்து, இந்த இரண்டும் குறைவாக இருந்தவற்றை விளைச்சல் அதிகமான புது ரகங்களோடு சேர்த்தார்கள். இன்று கடையில் கிடைப்பது பெரும்பாலும் அந்த வம்சம். ஐம்பது வயதுக்கு மேற்பட்ட ஒருவர் ‘சின்ன வயசில் இதைத் தொடவே மாட்டேன், இப்போது பிடிக்கிறது’ என்று சொன்னால், மாறியது அவர் நாக்கு மட்டுமல்ல, காயும்தான்.

நாக்கிலும் வித்தியாசம் உண்டு. 1931இல் டூபாண்ட் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் ஆர்தர் ஃபாக்ஸ் என்ற வேதியியலாளர் ஒரு தூளைக் கையாண்டபோது அது காற்றில் பறந்தது. பக்கத்திலிருந்தவர் கசக்கிறது என்றார், ஃபாக்ஸுக்கு ஒன்றுமே தெரியவில்லை. சிலவகைக் கசப்பை உணர்வது பிறப்பிலேயே ஆளுக்கு ஆள் மாறுகிறது என்பது அங்கிருந்துதான் துலங்கியது. ஒரே பாத்திரத்துக் காய் அண்ணனுக்கு இனிக்கலாம், தங்கைக்குக் கசக்கலாம். சாப்பாட்டு மேசையில் பிள்ளையை அதட்டுகிறவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

சினிக்ரினுக்கு நம் அடுப்படியோடு நெருங்கிய உறவு இருக்கிறது. நம் கடுகின் காரம் அதிலிருந்தும் பிறக்கிறது. அரைத்தால் மூக்கில் ஏறும் கடுகு, சூடான எண்ணெயில் வெடித்தால் காரம் போய்க் கொட்டைப்பருப்பின் மணமாக மாறிவிடுகிறது. காரத்தைப் பிறப்பிக்கும் நொதி சூட்டில் செத்துப்போவதே காரணம். ஸ்ப்ரவுட்டுக்கு நான் கடுகு தாளிப்பது ஊர்ப் பாசத்தால் அல்ல. ஒரே குடும்பத்தைச் சேர்ந்த இரண்டும் சட்டியில் ஒத்துப்போகின்றன.

இனி வேகவைக்கும் விஷயம். கிறிஸ்துமஸ் ஸ்ப்ரவுட்டை நவம்பரிலேயே அடுப்பில் ஏற்றிவிட வேண்டும் என்று ஆங்கிலேயர்களே சொல்லிச் சிரித்துக்கொள்வார்கள். அந்த அளவுக்கு வேகவைத்தார்கள். நேரம் கூடக்கூடக் கந்தகச் சேர்மங்கள் உடைந்து அழுகல் முட்டை வாடை கிளம்பும். காயிலுள்ள அமிலம் கசிந்து பச்சையத்தின் நடுவிலிருக்கும் மக்னீசியத்தைப் பிடுங்கிவிடும், பச்சை பாசிநிறமாகிவிடும். அடியில் கத்தியால் ஒரு சிலுவைக் கீறல் போடும் வழக்கமும் இருக்கிறது. நடுப்பகுதி சீக்கிரம் வேகும் என்ற நம்பிக்கை. எனக்குத் தெரிந்து அது தண்ணீரை உள்ளே விடுவதற்குத்தான் பயன்படுகிறது.

நீர் கொதிப்பது 100 டிகிரியில். சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு அழுத்தம் ஏறிய குக்கருக்குள் அது 121 டிகிரி வரை போகிறது. காயின் செல்சுவரைப் பிடித்து வைத்திருக்கும் பெக்டின் அந்தச் சூட்டில் மளமளவென்று இளகிவிடும். திறந்த பாத்திரத்தில் எட்டுப் பத்து நிமிடம் கேட்கும் முழு ஸ்ப்ரவுட் இங்கே ஒன்றிரண்டு நிமிடத்தில் வெந்துவிடுகிறது. பச்சை மங்குவதற்கும் நாற்றம் கிளம்புவதற்கும் நேரமே கிடைப்பதில்லை. அப்படியிருக்க, குக்கரில் வைத்தால் காய் குழைந்துபோகிறது என்ற பேச்சு ஏன் வந்தது?

பக்கத்து வீட்டு அம்மையாரின் சமையலறையில்தான் எனக்கு இதற்கு விடை கிடைத்தது. எண்பதைத் தாண்டியவர். அவருடைய தாயார் வைத்திருந்த பிரெஸ்டிஜ் குக்கரை அலமாரியிலிருந்து எடுத்துக் காட்டினார். பிரெஸ்டிஜ் நம்மூர்ப் பெயர் என்று நினைத்து வளர்ந்தவர்கள் நாம். அது தொடக்கத்தில் இங்கிலாந்துக் கம்பெனி. அதன் தொழில்நுட்பக் கூட்டுறவோடு 1959இல் டி.டி.கே. பெங்களூரில் குக்கர் செய்யத் தொடங்கியது. அம்மையாரின் குக்கரில் வெயிட் மூன்று துண்டாகக் கழன்றது. ஒன்றை மட்டும் வைத்தால் 5 பவுண்டு, இன்னொன்றைத் திருகினால் 10, மூன்றும் சேர்ந்தால் 15. கூடவே மஞ்சளித்துப்போன கையேடு. அதில் காய்கறிக்கு நிமிடக் கணக்கு இருந்தது. நேரம் முடிந்ததும் குக்கரைக் குளிர்ந்த நீரில் காட்டி ஆவியை உடனே அடக்க வேண்டும் என்றும் இருந்தது. “அம்மா இதைத் திறக்கவே பயப்படுவாள், தானாக அடங்கட்டும் என்று விட்டுவிடுவாள்” என்றார் அம்மையார்.

அந்த ஒரு வாக்கியம் போதுமானதாக இருந்தது. காயைக் கெடுத்தது அழுத்தம் ஏறும் நேரமல்ல, இறங்கும் நேரம். அடுப்பை அணைத்த பிறகும் குக்கருக்குள் சூடு பத்து நிமிடத்துக்குக் குறையாமல் நின்று, காயை மேலும் மேலும் வேகவைத்துக்கொண்டே இருக்கிறது. நாம் குக்கரைப் பழகியது சோற்றிலும் பருப்பிலும். மூன்று விசிலோ நான்கோ, பருப்பு பொறுத்துக்கொள்ளும். தானாக அடங்குவது அதற்கு நல்லதும்கூட. விசில் என்பது கடிகாரமும் அல்ல. தீ எப்படி, தண்ணீர் எவ்வளவு, குக்கர் என்ன அளவு என்பதைப் பொறுத்து இடைவெளி மாறும். தெருவே கேட்கும் அந்தச் சத்தத்தை எண்ணி எண்ணிச் சமைத்து வளர்ந்த எனக்கு, எண்ணிக்கை எல்லாக் காய்க்கும் பொருந்தாது என்று புரிந்துகொள்ள இன்னொரு நாட்டுக் கிழவியின் அலமாரி தேவைப்பட்டது. குக்கரின் மூதாதையை 1679இல் லண்டனில் செய்துகாட்டிய டெனி பாப்பின்கூட எலும்பை மெத்தென்று ஆக்கத்தான் அதைச் செய்தார். 1682இல் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் கழகத்தாருக்கு அதில் சமைத்த விருந்தில் மாட்டெலும்பும் ஆட்டெலும்பும் இளகிப்போயிருந்ததை, அந்த விருந்துக்குப் போயிருந்த ஜான் ஈவ்லின் தன் நாட்குறிப்பில் எழுதி வைத்தார். எலும்புக்காகப் பிறந்த பாத்திரத்தில் மொட்டைச் சமைக்கிறோம் என்ற நினைப்பு கையில் இருக்க வேண்டும்.

இனி செய்முறை. ஸ்ப்ரவுட்டை நான் பேக்கனோடு, அதாவது உப்பிட்டுப் பதப்படுத்திய பன்றி இறைச்சியோடு சமைக்கிறேன். பேக்கன் வாங்கும்போது வயிற்றுப் பகுதியில் வெட்டிய, கொழுப்பு வரிவரியாக ஓடும் வகையை வாங்குங்கள். இங்கே சாதாரணமாகக் கிடைக்கும் முதுகுப் பகுதி பேக்கனில் கொழுப்பு போதாது. உப்புநீர் ஊசி ஏற்றியதும் வேண்டாம், சட்டியில் வெள்ளையாக நீர் விட்டுக்கொண்டு வதங்காமல் அவியும். அரைக் கிலோ ஸ்ப்ரவுட்டுக்கு நூறு கிராமுக்குச் சற்று மேல் போதும். சின்னத் துண்டுகளாக நறுக்கி, குக்கர் குளிர்ந்திருக்கும்போதே போட்டு, சிறு தீயில் வைத்தால் கொழுப்பு நிதானமாக உருகி இறங்கும். மொறுமொறுப்பானதும் அரித்து எடுத்துத் தனியே வைத்துவிட வேண்டும். இதில் பலர் அவசரப்பட்டுப் பேக்கனையும் உள்ளே விட்டு மூடிவிடுகிறார்கள். மொறுமொறுப்புக்கு ஈரமில்லாத சூடு வேண்டும், ஆவிக்குள் அது நிற்காது. மூடியைத் திறக்கும்போது தொளதொளவென்று வெளுத்துக் கிடக்கும்.

உருகிய கொழுப்பில் அரைத் தேக்கரண்டி கடுகு. அது வெடித்து அடங்கியதும் ஸ்ப்ரவுட். வெளியிலையை நீக்கிக் காம்பின் நுனியை மட்டும் சீவிய முழு மொட்டுகள், எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவு. பாதியாக வெட்டினால் குக்கரில் கரைந்துவிடும். தீயைக் கூட்டி, ஒரு பக்கம் பழுப்பேறும் வரை புரட்டாமல் விட வேண்டும். இந்தப் பழுப்புதான் ருசியின் பாதி, மூடிய பிறகு இது கிடைக்காது. பிறகு முக்கால் கப் தண்ணீர். அடியில் ஒட்டியிருப்பதைக் கரண்டியால் சுரண்டி நீரோடு கலந்துவிட்டு மூடி, வெயிட் போட்டுப் பெருந்தீயில் வையுங்கள். குக்கரை விட்டு நகர வேண்டாம். வெயிட் ஆடத் தொடங்கி முதல் விசில் வரும் அந்தக் கணமே இறக்கி, குழாயடியில் பிடித்து, மூடியின் ஓரமாகக் குளிர்ந்த நீரை ஓடவிடுங்கள். அழுத்தம் முழுவதும் அடங்கினால் மூடி தானே வழிவிடும், அதற்கு முன் வலுக்கட்டாயம் கூடாது. மின்சாரப் பானை வைத்திருப்பவர்கள் ஒரு நிமிடம் வைத்து, நேரம் முடிந்ததும் ஆவியைத் திறந்துவிடலாம்.

உப்பு போடச் சொல்லவில்லை, கவனித்திருப்பீர்கள். பேக்கனில் இருக்கிறது. அந்த உப்புக்கு முக்கியமான வேலையும் இருக்கிறது. நிறையத் தண்ணீரில் அவித்து வடித்தால் கசப்புச் சேர்மங்களில் ஒரு பங்கு தண்ணீரோடு போய்விடும், சத்தும்தான் போய்விடும். குக்கரில் கொஞ்சம் தண்ணீர்தான், எல்லாம் உள்ளேயே தங்குகிறது. ஆகவே மிச்சக் கசப்பை நாக்கில்தான் சமாளிக்க வேண்டும். உப்பு கசப்பை அமுக்குகிறது, அதனால் அடியில் மறைந்திருந்த இனிப்பு மேலே வருகிறது என்பதை ஃபிலடெல்பியாவின் மோனெல் ஆய்வு மையத்தில் 1997இல் காட்டினார்கள். சர்க்கரை தூவுவதைவிட உப்பு நன்றாக வேலை செய்கிறது. பன்றி சாப்பிடாத வீடுகளில் நான் வெண்ணெயை உருக்கிச் சிவக்கவிட்டு, உப்பைத் தாராளமாகப் போட்டு இதே முறையில் செய்திருக்கிறேன். புகைமணம் இருக்காது, மற்றபடி குறையில்லை.

திறந்ததும் அடியில் இரண்டு மூன்று கரண்டி நீர் நிற்கும். அதைத் தீயில் வற்றவிட்டால் காய் மேல் பளபளவென்று படியும். மிளகுத்தூள், எடுத்துவைத்த பேக்கன், இறக்கிய பிறகு அரை மூடி எலுமிச்சை. புளிப்பை முன்பே விட்டால் பச்சை கெட்டுவிடும்.

கொஞ்சம் அதிகமாகவே செய்யுங்கள். மறுநாள் மிச்சமான உருளைக்கிழங்கு மசியலோடு ஸ்ப்ரவுட்டை நசுக்கிச் சேர்த்து, பேக்கன் கொழுப்பில் தட்டையாக அமுக்கி, இரண்டு பக்கமும் கருகும் விளிம்பு வரை சுடுவார்கள் இங்கே. பபிள் அண்ட் ஸ்க்வீக் என்று பெயர். முதல் நாள் குழைந்த ஸ்ப்ரவுட்டில் செய்தால் அது கூழாகிவிடும். முதல் விசிலில் இறக்கியது இரண்டாவது சூட்டையும் தாங்குகிறது, கடித்தால் மொட்டென்று தெரிகிறது. பக்கத்து வீட்டு அம்மையார் அதன் மேல் ஒரு முட்டையைப் பொரித்து வைத்துக்கொள்கிறார். நான் மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் குழைத்துத் தொட்டுக்கொள்கிறேன், அவரும் இப்போது கேட்டு வாங்கிக்கொள்கிறார்.