வெள்ளிக்கிழமைக் கடல்

மலையில் பிறந்தவளுக்குக் கடல் மீது எவ்வளவு ஆசை இருக்கும் தெரியுமா? பதுளை மாவட்டத்தில், பசறையைத் தாண்டி வளைந்து வளைந்து ஏறும் பாதையில் இருக்கிறது எங்கள் மடுல்சீமை. எங்கு பார்த்தாலும் தேயிலை. பொழுது சாய்ந்தால் மூடுபனி. எங்கள் ஊவா மாகாணத்திற்கே கடற்கரை கிடையாது. கடல் பார்க்க வேண்டுமென்றால் மொனராகலை வழியாகப் பொத்துவிலுக்கு இறங்க வேண்டும். கடைவீதியில் சின்னக் கடை வைத்திருந்த வாப்பாவுக்கு அதற்கெல்லாம் நேரம் ஏது?

ஆகவே நான் முதன்முதலில் கடலில் கால் நனைத்தது குவைத்தில்தான். அப்போது எனக்கு வயது முப்பத்திரண்டு!

வீட்டு வேலைக்குத்தான் போயிருந்தேன். முதல் ஒன்றரை வருடம் வாசல் தாண்டியதில்லை. துணி காயப்போட மொட்டைமாடிக்குப் போனால் தூரத்தில் ஒரு நீலக்கோடு தெரியும். எனக்குத் தெரிந்த கடல் அவ்வளவுதான். அதே கட்டடத்தில் வேலை செய்த பசறைத் தோட்டத்துத் தங்கச்சி ஒருத்தி ஒருநாள் அந்த மாடியில் வைத்துச் சொன்னாள்:

"அக்கா, கிழமைக்கு ஒருநாள் லீவு குடுக்கணும்னு சட்டமே இருக்கு. வாய்விட்டுக் கேளுங்க."

அவள் சொன்னது உண்மை. குவைத்தின் 2015ஆம் ஆண்டு 68ஆம் இலக்கச் சட்டம் வீட்டுப் பணியாளருக்கென்றே வந்தது. வாரத்தில் ஒருநாள் ஓய்வு. ஒரு நாளில் 12 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. வருடத்தில் ஒரு மாதம் சம்பளத்துடன் விடுமுறை. பாஸ்போர்ட்டைப் பிடித்து வைக்கவும் கூடாது. நடுங்கிக்கொண்டேதான் கேட்டேன். மேடம் முகம் சுளித்தார். இரண்டு வாரம் கழித்து, "வெள்ளிக்கிழமை போ, மஃரிபுக்குள் வந்துவிடு" என்றார்.

அது 2018 ஜனவரி. குவைத் போனால் கடற்கரைக்கு உகந்த காலம் அதுதான். கோடையில் அனல் பறக்கும்; 2016 ஜூலையில் மித்ரிபா என்ற இடத்தில் 53.9 பாகை செல்சியஸ் வெப்பம் பதிவான நாடு அது! ஜனவரியிலோ எங்கள் மலைக்காற்றுப் போலக் குளிர்கிறது.

நான், பசறைத் தங்கச்சி, ஆந்திராவின் கடப்பாவிலிருந்து வந்திருந்த ஒரு பெண் என மூன்று பேர். நாங்கள் இருவரும் தமிழ் பேசுவோம். மூவரும் சேர்ந்தால் அடுப்படியில் கற்ற அரபுதான்! ரொட்டியும் கட்டச் சம்பலும் கட்டிக்கொண்டு, ஃபிளாஸ்கில் தேநீருடன் பஸ் ஏறி சால்மியாவில் இறங்கினோம். கரையோரமாக நடந்தால் தூரத்தில் குவைத் கோபுரங்கள். 1979இல் திறந்தார்களாம். உயர்ந்தது 187 மீட்டர். அதிலுள்ள பெரிய உருண்டைகளில் தண்ணீர் சேமிக்கிறார்கள். ஆறே இல்லாத நாடு. கடல்நீரைச் சுத்திகரித்துத்தான் குடிக்கிறார்கள். ஓடைச் சத்தத்தில் வளர்ந்த எனக்கு அது பெரிய அதிசயம்.

இன்னொன்றும் கேளுங்கள். 1938இல் எண்ணெய் கிடைப்பதற்கு முன் அந்நாட்டு ஆண்கள் கோடையில் நான்கு மாதமளவு முத்துக்குளிக்கக் கப்பலேறுவார்கள். பலரும் கடன்பட்டே போனார்கள். மனைவிமார் கரையில் காத்திருப்பார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வளைகுடாவிலிருந்து அரபு முத்துக்குளிப்போர் நமது மன்னார்க் கடலுக்கும் பிழைப்புத் தேடி வந்திருக்கிறார்கள். அன்று அவர்கள் இங்கே. இன்று நாங்கள் அங்கே!

நானும் கடப்பாப் பெண்ணும் ஓர் ஓரமாக அஸர் தொழுதோம். பசறைத் தங்கச்சி எங்கள் செருப்புக்கும் பைக்கும் காவல் இருந்தாள். பிறகு மூவரும் கணுக்கால் வரை நீரில் இறங்கிச் சிறுபிள்ளைகளாகச் சிரித்தோம். அந்தச் சிரிப்பை ஒரு போட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்பினேன்.

அங்கேதான் வந்தது வினை. "உழைக்கப் போனாளா, கடற்கரையில் திரியப் போனாளா?" என்று கடைவீதியில் பேச்சாம். தங்கையே போனில், "ராத்தா, இனி இப்படிப் போட்டோ அனுப்பாதீங்க. வீட்டுக் கூரைக்குக் காசு தேவைப்படுற நேரத்துல..." என்று இழுத்தாள். அன்று எனக்கு ஆன செலவு பஸ் காசு மட்டுமே. இருந்தும் என்னவோ திருடியவள் போல உட்கார்ந்திருந்தேன்.

உம்மா போனை வாங்கினார். ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"மகள், தண்ணி குளிரா?"

அவர் இன்னும் கடலைப் பார்த்திராதவர். "ஓம் உம்மா, நல்ல குளிர்" என்று சொல்வதற்குள் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

சகோதரிகளே! உங்கள் வீட்டிலும் மகளோ தங்கையோ வெளிநாட்டில் இருக்கலாம். அவள் போகுமுன் ஒப்பந்தத்தில் ஓய்வுநாள் எழுதியிருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். போன பிறகு, பாஸ்போர்ட் அவள் கையில் இருக்கிறதா என்று கேளுங்கள். ஓய்வில்லாத உடம்பு நோயைத்தான் ஊருக்குக் கொண்டுவரும். அவள் அனுப்பும் கடற்கரைப் போட்டோ ஊதாரித்தனமல்ல. அவள் நலமாக இருக்கிறாள் என்பதற்கு அதைவிட நல்ல கடிதம் வேறில்லை.

அடுத்த முறை போன் வரும்போது, பணம் எப்போது வரும் என்று கேட்பதற்கு முன்னால், "இந்த வெள்ளிக்கிழமை எங்கே போனாய்?" என்று கேட்டுப் பாருங்களேன்.